கூடு மூன்று, அணில் எத்தனை?

அன்புள்ள ஐயா,

ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே செண்பகத்தோப்பில் ஓடையோரப் புளியமரத்தில் பூனையளவு அணில் ஒன்றைப் பார்த்தோம். கூட வந்தவர் மலபார் அணில் என்றார். எனக்குச் சாம்பல் நிறமாகத்தான் பட்டது. அடுத்தடுத்து மூன்று கூடுகள் இருந்தன. அப்படியானால் மூன்று அணில்கள்தானே? கையிலிருந்த வாழைப்பழங்களை மரத்தடியில் வைத்துவிட்டு வந்தோம். சரிதானா?

ஒரு வாசகி, ராஜபாளையம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கண் ஏமாறவில்லை. நீங்கள் பார்த்தது நரை அணில்; சாம்பல் நிற மலை அணில் என்றும் சொல்வார்கள். அதைக் காப்பதற்கென்றே 1988இல் அங்கே சரணாலயம் அமைந்தது. 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது.

மலபார் அணிலும் அந்த மலையில் உண்டு. அதற்குப் பிடித்தது மேலேயுள்ள ஈரமான பசுமைமாறாக் காடு. நரை அணிலுக்கு வறண்ட காட்டின் நடுவே ஓடையை ஒட்டி வளரும் புளி, மா, நீர்மருது போன்ற மரங்கள். ஆனால் இடத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நிறம் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். மலபார் அணிலின் முதுகில் செம்பழுப்பும் கருப்பும், வயிற்றில் வெளிர்மஞ்சளும் தனித்தனியே வெட்டினாற்போல் தெரியும். நரை அணிலின் முதுகிலும் வாலிலும் முடிநுனி வெளுத்து, மாவு தூவியது போலிருக்கும். சூரியனுக்கு எதிரே அண்ணாந்து பார்த்தால் இரண்டுமே கருப்புதான். பாதிப் பிழை இதனால்தான் வருகிறது. காலை வெயில் உங்கள் முதுகில் விழும்படி நின்று பாருங்கள். நடுப்பகலில் அது கிளையோடு ஒட்டிப் படுத்துவிடும், தேடினாலும் அகப்படாது. இலங்கை மலைநாட்டில் இதே இனம் கருப்பு வெள்ளையாக இருக்கிறது. ஆகவே இந்த அடையாளம் நம் பக்கத்துக்கு மட்டும்.

கூடுகளுக்கு வருகிறேன். ஓர் அணிலே பல கூடுகள் கட்டி மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். மூன்று கூட்டுக்கும் சொந்தக்காரர் ஒருவராகவே இருக்கலாம். கூட்டை எண்ணி அணிலைக் கணக்கிட்டால் தொகை ஊதிப்போகும். சுள்ளியும் இலையும் சேர்த்துப் பந்துபோல் கட்டியிருந்தால் மலை அணில் கூடு. காக்கைக் கூடு கிண்ணம்போல் மேலே திறந்திருக்கும். பச்சை இலை செருகியிருந்தால் இப்போது புழங்கும் கூடு. எல்லாம் காய்ந்து பழுத்துக் கிடந்தால் கைவிட்டதாக இருக்கலாம்.

கூடு எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் பக்கத்து மரத்தின் கிளைகள் வந்து கோக்கும் உச்சியில் இருக்கும். கழுகு வந்தால் அடுத்த மரத்துக்குத் தாவ வேண்டுமே! ஆறு மீட்டர் வரைகூடத் தாண்டும். இடைவெளி அதைவிடக் கூடினால் தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். இரண்டு கிலோவுக்குள் எடையுள்ள அந்த உடம்பு மரத்துக்கென்றே அமைந்தது. தரையில் நாய்க்கும் சிறுத்தைக்கும் எளிதில் சிக்கிவிடும். ஓடையோரம் ஒரு மரத்தை வெட்டினால் போவது ஒரு மரம் மட்டுமல்ல, அதன் பாதையே அறுந்துபோகிறது.

பழம் வைத்தது தவறு என்று சொல்வதற்குக் காரணமும் இதுதான். அணிலைத் தரைக்கு இழுக்கும் எதுவும் அதற்கு ஆபத்து. குரங்குகளும் வந்து கூடிவிடும். புளியங்காய், பழம், பூ, கொழுந்து, மரப்பட்டை என்று அதற்கான தீனி மேலேயே இருக்கிறது. அடுத்த முறை போகும்போது அந்தப் புளியமரத்தின் கிளை எந்தெந்த மரத்தைத் தொடுகிறது என்று பார்த்து எழுதுங்கள்.