கூரைக்கு அனுப்பப்பட்டவர்களின் கணக்கு: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், அன்று சோவியத் ஒன்றியத்திலும் இன்று உக்ரைனிலும் உள்ள செர்னோபில் அணுமின் நிலையம் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: அணு உலை வெடித்த பிறகு அங்கே போய்க் குப்பை அள்ளியவர்கள் என்ன ஆனார்கள், அவர்களை யார் கவனித்தார்கள்? புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமான விஷயம் இது. ஆகவே இந்த இதழின் பக்கம் முழுக்க அவர்களுக்கே.

செர்னோபிலில் சுத்தம் செய்யப் போனவர்கள் மொத்தம் எத்தனை பேர்? விரும்பிப் போனார்களா, அனுப்பப்பட்டார்களா?
— கல்லூரி மாணவி, திருச்சி

சுமார் 6 லட்சம் பேர். 'லிக்விடேட்டர்', அதாவது விபத்தின் விளைவுகளை அகற்றப் போனவர், என்று சோவியத் அரசு அங்கீகரித்தவர்களின் எண்ணிக்கை இது. 1986 ஏப்ரல் 26 அன்று அதிகாலை 1.23 மணிக்கு நான்காவது உலை வெடித்தது. முதலில் போனவர்கள் தீயணைப்பு வீரர்கள். அப்புறம் ஹெலிகாப்டர் ஓட்டிகள், சுரங்கத் தொழிலாளிகள், லாரி டிரைவர்கள், கட்டட வேலைக்காரர்கள், சமையல்காரர்கள், டாக்டர்கள், கூடவே கூட்டம் கூட்டமாக ரிசர்வ் படையினர். ரிசர்வ் படையினர் என்றால் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு எங்கோ ஃபேக்டரியிலும் பண்ணையிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்த குடும்பஸ்தர்கள். எஸ்தோனியா போன்ற சின்னக் குடியரசிலிருந்துகூட சுமார் 4,800 பேர் போனார்கள். சம்பளத்துக்காகவும் கடமை உணர்வோடும் விரும்பிப் போனவர்கள் உண்டு. ஆனால் ராணுவ உத்தரவு வந்தவர்களுக்கு மாட்டேன் என்று சொல்ல இடமே இருக்கவில்லை.

அவர்கள் செய்த வேலைகளில் என்னை அதிகம் உலுக்குவது கூரை வேலை. வெடிப்பில் உலையின் கிராஃபைட் கட்டிகளும் எரிபொருள் துண்டுகளும் பக்கத்துக் கட்டடக் கூரைகளில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தள்ளிவிட முதலில் ரோபோக்களைத்தான் ஏற்றினார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த 'ஜோக்கர்' என்ற இயந்திரம் அந்தக் கதிர்வீச்சில் செயலிழந்து நின்றுவிட்டது. இயந்திரம் நின்ற இடத்துக்கு மனிதர்களை அனுப்பினார்கள். 1986 செப்டம்பரில் ஜெனரல் நிகோலாய் தரகானோவ் மேற்பார்வையில் மூவாயிரத்துக்கும் அதிகமான ஆண்கள் அந்தக் கூரைகளில் ஏறினார்கள். ஈயத் தகட்டை வெட்டி மார்பிலும் முதுகிலும் இடுப்பிலும் அவர்களே கட்டிக்கொண்டார்கள். ஓடிப்போய் ஒரு மண்வெட்டி, இரண்டு மண்வெட்டி அள்ளி, உடைந்த உலையின் வாய்க்குள் எறிய வேண்டும். சைரன் ஒலித்ததும் திரும்பி ஓடிவர வேண்டும். சிலருக்கு ஒரு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை, சிலருக்கு இரண்டு மூன்று நிமிடம். அந்த நேரத்துக்குள் அவர்கள் வாங்கிக்கொண்ட கதிர்வீச்சை, நான் வேலை பார்த்த பிரிவில் யாரும் மொத்தப் பணிக்காலத்திலும் தொட்டிருக்க மாட்டார்கள்.

உலைக்கு அடியில் சுரங்கம் தோண்டிய சுமார் 400 பேரையும் இங்கே சொல்லியாக வேண்டும். துலாவிலிருந்தும் தோன்பாஸிலிருந்தும் வந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் அவர்கள். சூடு தாங்காமல் சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்தார்கள். முகமூடி வியர்வையில் நனைந்து மூச்சு முட்டியதால் அதையும் கழற்றினார்கள். உருகிய எரிபொருள் நிலத்தடி நீரைத் தொட்டுவிடக் கூடாதே என்று அங்கே குளிர்விப்பு அமைப்பு ஒன்றை வைக்கத்தான் இத்தனை பாடும். கடைசியில் அது தேவைப்படவே இல்லை.

கதிர்வீச்சு நோய் வந்தவர்களுக்கு என்ன சிகிச்சை கொடுத்தார்கள்? காப்பாற்ற முடிந்ததா?
— செவிலியர், மதுரை

முதல் நாட்களில் நூற்றுக்கும் அதிகமானவர்களை மாஸ்கோவின் ஆறாம் எண் மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். தலைமை தாங்கியவர் டாக்டர் ஆஞ்செலினா குஸ்கோவா. உரால் பகுதியில் ரகசியமாக நடந்த மாயக் புளூட்டோனியம் ஆலைத் தொழிலாளிகளுக்கு இளம் டாக்டராக இருந்தபோதே சிகிச்சை அளித்தவர். அதாவது, இந்த நோயைப் பார்த்துப் பழகிய டாக்டர் சோவியத் நாட்டில் இருந்ததற்குக் காரணமே, வெளியே சொல்லப்படாத முந்தைய நோயாளிகள்தான்.

கடுங்கதிர்வீச்சு நோய் என்று 134 பேருக்கு உறுதியானது. அவர்களில் 28 பேர் அந்த ஆண்டே இறந்தார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும், எலும்பு மஜ்ஜை அழிந்தால் வெள்ளணுக்கள் விழும், தட்டணுக்கள் விழும், சாதாரணக் கிருமிகூடக் கொன்றுவிடும். கிருமி நுழையாத தனி அறை, ஆன்டிபயாட்டிக், தட்டணு ஏற்றுவது எல்லாம் செய்தார்கள். அமெரிக்க டாக்டர் ராபர்ட் கேல் வந்து சேர்ந்துகொள்ள, 13 பேருக்கு மஜ்ஜை மாற்று செய்யப்பட்டது. பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இறந்தவர்களில் பலரைச் சாய்த்ததில் மஜ்ஜையைவிடத் தோலுக்குப் பெரிய பங்கு உண்டு. கதிரியக்கத் தூசியும் நீரும் ஊறிய உடையோடு மணிக்கணக்கில் நின்றதால் பீட்டா கதிர்கள் தோலை ஆழமாகச் சுட்டிருந்தன. உடனே உடையை மாற்றிக் குளிக்க வைத்திருந்தாலே சிலருடைய காயம் குறைந்திருக்கும். அந்த இரவில் அவர்களுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. தீயணைப்புப் படை லெப்டினன்ட்கள் விளாதிமிர் பிராவிக், விக்டர் கிபெனோக் இருவரும் மே 11 அன்று ஒரே நாளில் இறந்தார்கள்.

இந்த 134 பேருக்காவது நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது. மற்ற லட்சக்கணக்கானவர்கள் தலைவலி, மயக்கம், படபடப்பு என்று ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பலருக்கும் 'நரம்பு–ரத்தநாளக் கோளாறு' என்று பொதுவாக ஒன்றை எழுதி அனுப்பினார்கள். 'கதிர்வீச்சு பயம்' என்று சொல்லியும் ஒதுக்கினார்கள். பிற்பாடு வந்த ஆய்வுகள் அதிக டோஸ் வாங்கியவர்களிடம் ரத்தப்புற்று கூடியிருப்பதைக் காட்டின. கண்புரை கணிசமாக வந்தது. உக்ரைன் லிக்விடேட்டர்களின் கண்களை ஆராய்ந்து கிடைத்த முடிவுகளும் சேர்ந்துதான், 2011-ல் கண்ணுக்கான பாதுகாப்பு வரம்பை உலக அளவில் குறைக்கப் பரிந்துரை வந்தது. ஆஞ்சியோ அறையில் வேலை செய்யும் உங்கள் தோழிகள் ஈயக் கண்ணாடி போடுகிறார்கள் என்றால், அந்தப் பழக்கத்தை வலுப்படுத்தியதில் இவர்களுக்கும் பங்கு உண்டு.

எஸ்தோனியாவின் கணக்கு இன்னொன்றைச் சொல்கிறது. அங்கிருந்து போனவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வில் தெளிவாகக் கூடுதலாகத் தெரிந்தது தற்கொலை. மனதுக்குச் சிகிச்சை வேண்டும் என்று அன்று யாரும் திட்டம் போடவில்லை.

யார் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினார் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
— பிளஸ் டூ இயற்பியல் ஆசிரியர், தென்காசி

ஐயா, எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானதை நீங்கள்தான் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பிரிவில் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு பேட்ஜ் குத்தியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி, பெயர் வாரியாக அளவு வரும். என் எண் எனக்குரியது. செர்னோபிலில் பெரும்பாலோருக்கு இது இல்லை. ஒரு குழுவில் ஒருவரிடம் கருவி இருக்கும், அவருக்கு வந்த அளவையே எல்லோருக்கும் எழுதிவிடுவார்கள். சில சமயம் கருவியே இல்லை. போன இடத்தில் அளவு இவ்வளவு, இருந்த நேரம் இவ்வளவு என்று பெருக்கிப் போட்டார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படியில் சரி. கதிர்வீச்சு பத்தடி நகர்ந்தாலே பல மடங்கு மாறும்.

1986-ல் அவர்களுக்கு வைத்த வரம்பு 250 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). அடுத்த ஆண்டு 100 ஆகவும், அதற்கடுத்து 50 ஆகவும் குறைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க: நம் நாட்டில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20. வரம்பைத் தொட்டவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், பதிலுக்கு வேறு ஆள் தேட வேண்டும். அதிகாரப்பூர்வப் பதிவுகளில் ஏராளமானவர்களின் அளவு வரம்புக்குச் சற்றுக் கீழே வந்து குவிந்திருப்பதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். இயற்கையாக அப்படிக் குவியாது. அந்த எண்ணை வைத்துத்தான் பின்னால் ஓய்வூதியமும் மருந்தும் தீர்மானமாயின.

குழந்தைகளுக்கும் பாதிப்பு கடத்தப்படுமா? பயமாக இருக்கிறது.
— இல்லத்தரசி, கும்பகோணம்

இதில் ஆறுதலான செய்தி இருக்கிறது, அம்மா. செர்னோபிலுக்குப் பிறகு லிக்விடேட்டர்களுக்கும் வெளியேற்றப்பட்டவர்களுக்கும் பிறந்த பிள்ளைகளின் மரபணுவைப் பெற்றோருடையதோடு வரிக்கு வரி ஒப்பிட்ட ஆய்வு 2021-ல் வெளிவந்தது. பெற்றோர் வாங்கிய டோஸால் பிள்ளைகளிடம் புதிய மாற்றங்கள் கூடவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போது எத்தனை குடும்பங்கள் தயங்கியிருக்கும் என்று நினைத்தால்தான் எனக்கு வேதனை.

சோவியத் ஆட்சியில் நடந்தது வேறு. ஜப்பான் போன்ற நாட்டில் தொழிலாளியை ஒழுங்காகத்தானே நடத்தியிருப்பார்கள்?
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், விழுப்புரம்

நானும் அதை எதிர்பார்த்துத்தான் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்துச் செய்திகளைத் தொடர்ந்து படித்தேன். 2011 மார்ச் 11 சுனாமி அடித்து மூன்று நாளில் வரம்பை 100-லிருந்து 250 மில்லிசீவர்ட்டாக அரசு உயர்த்தியது. உள்ளே தங்கியவர்களுக்குக் காலையில் பிஸ்கட்டும் காய்கறி ஜூஸும், இரவில் வெந்நீர் ஊற்றிய அரிசியும் டின் உணவும். ஆளுக்கு ஒரு போர்வை, தரையில் படுக்கை. அளவு கருவிகள் சுமார் 5,000 இருந்ததில் சுனாமிக்குப் பிறகு மிஞ்சியது 320. அந்த மாதக் கடைசி வரை குழுவுக்கு ஒன்று என்றே பல இடங்களில் வேலை நடந்தது. கால் நூற்றாண்டு கழித்தும் அதே செர்னோபில் முறை! மார்ச் 24 அன்று கேபிள் போடப் போன மூவர் கதிரியக்கத் தண்ணீரில் நின்றார்கள். இருவர் காலில் உயரமான பூட்ஸ் இல்லை.

அங்கே நிலையத்தை நடத்தும் டெப்கோ நிறுவனத்துக்குக் கீழே ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே இன்னொருவர், அதற்கும் கீழே ஆள் பிடிப்பவர் என்று அடுக்கு அடுக்காகப் போகிறது. ஆபத்துப் படி மேலிருந்து புறப்படும், கீழே வரும்போது கரைந்திருக்கும். 2013-ல் அந்தப் படியை நாளுக்கு 20,000 யென் ஆக்குவதாக டெப்கோ அறிவித்தது, கையில் முழுதாக வரவில்லை என்று தொழிலாளிகள் புகார் சொன்னார்கள். ஒரு துணை ஒப்பந்த நிறுவனத்தில், கருவியை ஈயத் தகட்டால் மூடிக்கொண்டு வேலை செய்யச் சொன்னது 2012-ல் வெளியே வந்தது. டோஸ் குறைவாகப் பதிவானால்தானே ஆளைத் தொடர்ந்து வேலைக்கு வைத்திருக்கலாம். 2018-ல், கட்டுமானத் தொழில் கற்க வந்த வியட்நாம் இளைஞர்களைக் கதிரியக்க மண் அகற்றும் வேலையில் விட்டிருந்ததும் தெரிந்தது. இதையெல்லாம் கொடுமை என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் ஜப்பானிடம் நல்ல விதி ஒன்று உண்டு. அணு உலைத் தொழிலாளிக்கு ரத்தப்புற்று வந்தால், அவர் வேலை செய்த ஆண்டுகளுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 5 மில்லிசீவர்ட் இருந்தாலே, வேறு காரணம் தென்படாத பட்சத்தில் தொழில் நோயாக ஏற்கலாம். 1976-லிருந்து உள்ள அளவுகோல். அதன்படி 2015 அக்டோபரில், ஃபுகுஷிமாவில் வெல்டிங் வேலை செய்த நாற்பதை ஒட்டிய வயதுக்காரருக்கு முதல் அங்கீகாரம் கிடைத்தது. அவருடைய மொத்த அளவு 20-க்கும் சற்றுக் கீழே. 2016-ல் தைராய்டு புற்று ஒன்றையும், 2018-ல் நுரையீரல் புற்றால் இறந்த ஒருவரையும் ஏற்றார்கள். 'உன் நோய்க்கு இதுதான் காரணம் என்று நீயே நிரூபி' என்று நோயாளியைத் துரத்தாத விதி இது. எல்லா நாட்டிலும் வேண்டும்.

சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு அந்த லிக்விடேட்டர்களின் பென்ஷன் என்ன ஆயிற்று?
— வழக்கறிஞர், சேலம்

'புர்தோவ் எதிர் ரஷ்யா' வழக்கை எடுத்துப் படியுங்கள். புர்தோவ் ரஷ்யாவின் ஷாக்தி நகரத்துக்காரர். 1986 அக்டோபர் முதல் 1987 ஜனவரி வரை செர்னோபிலில் வேலை. உள்ளூர் நீதிமன்றம் அவருக்குத் தொகை கொடுக்கச் சொன்னது, அலுவலகம் பணம் இல்லை என்றது. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தார். 2002-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து 3,000 யூரோ கொடுக்கச் சொன்னது. அதன் பிறகும் தாமதம் தொடர, மறுபடி போனார், 2009-ல் மறுபடி வென்றார். அந்த இரண்டாவது தீர்ப்பால், நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றத் தாமதித்தால் நஷ்டஈடு என்று ரஷ்யா தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. உக்ரைனில் 1991-லேயே சட்டம் வந்தது, ஆனால் சலுகைகள் வெட்டப்பட்டுக்கொண்டே வந்தன. 2011-ல் கீவிலும் தோனெத்ஸ்கிலும் வயதான லிக்விடேட்டர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். தோனெத்ஸ்கில் உண்ணாவிரதக் கூடாரத்தைப் போலீஸ் பிரித்த அன்று போராட்டக்காரர் ஒருவர் இறந்தார்.

என் மகன் ஒப்பந்ததாரர் மூலம் அணுமின் நிலையத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேரப் போகிறான். எதைக் கவனிக்கச் சொல்ல வேண்டும்?
— ஒரு தாய், நாகர்கோவில்

பயந்து தடுக்க வேண்டாம் அம்மா. சாதாரண நாட்களில் அந்த வேலை, ஒழுங்காகச் செய்தால், நான் செய்த வேலையைப் போலத்தான். ஆனால் சிலவற்றில் கறாராக இருக்கச் சொல்லுங்கள். பேட்ஜ் அவன் பெயரிலேயே இருக்க வேண்டும். அடுத்தவன் பேட்ஜைப் போடவும் கூடாது, தன்னுடையதை இரவல் கொடுக்கவும் கூடாது. வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போ என்று யார் சொன்னாலும் மறுக்கட்டும். வேலை போனாலும் பரவாயில்லை. பணியாளர் டோஸ் விவரங்கள் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேசியப் பதிவேட்டில் ஏறும், அதற்கென ஒரு தனி எண் உண்டு. அந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும். பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஒப்பந்ததாரர் மாறும் ஒவ்வொரு முறையும் அதுவரையிலான அளவைக் கையெழுத்துடன் வாங்கட்டும். சேரும் முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனை முடிவு உட்பட எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்கள் வீட்டில், உங்கள் கையில் இருக்கட்டும்.