180 வாட் போதவில்லை, அதற்காக 330 வாட் வேண்டுமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன், வயது 26. கலியாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். மாதம் 60,000 முதல் 80,000 ரூபா வரை வரும், மார்கழியில் ஒன்றும் வராது. என் கேமிங் லப்டொப்பில் ரெம்மை 32 ஜிபி ஆக்கி, இரண்டாவது எஸ்எஸ்டியும் போட்டேன். சிபியூ, கிராஃபிக்ஸ் இரண்டையும் ஓவர்குளொக் செய்திருக்கிறேன், அதாவது கொம்பனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிறேன். இப்போது கேம் விளையாடினால், சார்ஜில் இருக்கும்போதே பற்றரி ஒரு மணித்தியாலத்தில் 100 வீதத்திலிருந்து 80க்கு இறங்குகிறது. அடப்டரில் கை வைக்க முடியாத சூடு. அடப்டர் 180 வாட், பற்றரி 76 வாட்-மணி. கடைகளில் கேட்டேன்: கொம்பனி 330 வாட் அடப்டர் 42,000 ரூபா, தவணையில் என்றால் மாதம் 4,200 படி 12 மாதம். கொம்பனி 230 வாட் 24,000, ஒரு வருட உத்தரவாதம். பாவித்த 230 வாட் 13,000. பெயரில்லாத 230 வாட் 8,500. கையில் 31,000 சேமிப்பு இருக்கிறது. ஒரு கடையில் "பெரிசு போட்டால் மதர்போர்ட் எரிந்துவிடும்" என்கிறார்கள், இன்னொரு கடையில் "எவ்வளவு பெரிசோ அவ்வளவு நல்லது" என்கிறார்கள். சீட்டைக் கழிவுக்கு (தள்ளுபடி விட்டு முன்கூட்டியே) எடுத்து 330ஐயே வாங்கிவிடலாமா அண்ணா?

பதில்: தம்பி, கடைக்காரர்கள் இருவரையும் கொஞ்சம் ஓரமாக நிறுத்துங்கள். தேவையான எண் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

76 வாட்-மணியில் 20 வீதம் என்றால் சுமார் 15. ஒரு மணித்தியாலத்தில் 15 வாட்-மணி போயிருக்கிறது. அதாவது அடப்டர் தன் 180 வாட்டையும் கொடுத்து முடித்த பிறகும் 15 வாட் துண்டு விழுகிறது, அதைப் பற்றரி போட்டு நிரப்புகிறது. வரவு 180, செலவு 195. சம்பளம் போதாமல் மாதாமாதம் சேமிப்பில் கை வைக்கிற வீடு எப்படியோ, அப்படித்தான். லப்டொப் தானாகவே கொஞ்சம் வேகத்தைக் குறைத்துச் சிக்கனம் பிடித்திருக்கவும் கூடும், ஆகவே உண்மைத் தேவை 200ஐத் தாண்டலாம். எப்படிப் பார்த்தாலும் 230க்குள் அடங்குகிற கணக்கு. 330 இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

பெரிய அடப்டர் போட்டால் எரியும் என்பது பிழை. அடப்டர் மின்சாரத்தைத் தள்ளுவதில்லை, லப்டொப் தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்கிறது. எரிப்பது தவறான வோல்ட். பழைய அடப்டரின் அடியில் பாருங்கள், பெரும்பாலும் 19.5 வோல்ட், 9.23 அம்பியர் என்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 180 வாட். புதியதிலும் வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், அம்பியர் மட்டும் கூடலாம். 19.5 வோல்ட், 11.8 அம்பியர் என்றால் 230 வாட். "பெரிசுதான் நல்லது" என்பதிலும் பாதிதான் உண்மை. உங்கள் போர்ட்டும் அதிலுள்ள சார்ஜ் துளையும் ஓர் அளவுக்கு மேல் எடுக்காது. அதற்கு மேல் நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவும் அடப்டர் பெட்டிக்குள் சும்மா தூங்கும்.

இனி 330இன் தவணையைப் பார்ப்போம். 4,200 படி 12 மாதம் 50,400. 8,400 கூடுதல், 20 வீதம்தானே என்று தோன்றும். ஆனால் 42,000 முழுவதும் பன்னிரண்டு மாதமும் உங்கள் கையில் இருக்கப் போவதில்லை, மாதாமாதம் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். அப்படிக் கணக்குப் போட்டால் வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 35 வீதம். மார்கழியிலும் அந்த 4,200 வாசலில் வந்து நிற்கும். சீட்டைக் கழிவுக்கு எடுப்பதும் வேறு பெயரில் அதே கடன்தான். அவசரத்துக்கு எடுக்கிற சீட்டை அடப்டருக்கு எடுக்க வேண்டாம்.

8,500 ரூபா அடப்டரைப் பற்றிக் கொஞ்சம் கூடவே எழுதுகிறேன், ஏனென்றால் நானும் அதில் மாட்டியவன். சில வருடங்களுக்கு முன் மகளின் லப்டொப்புக்கு ஒரு கடையில் 120 வாட் என்று ஒட்டியிருந்த ஒன்றை வாங்கினேன். பழையதை விட மலிவு, கையில் எடுத்தால் பாதிப் பாரம்கூட இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மூன்றாவது கிழமை பிளாஸ்டிக் கருகும் மணம். திறந்து பார்த்தால் உள்ளே பாதி இடம் காலி. அடப்டர் மட்டும் போயிருந்தால் சரி, போர்ட்டின் சார்ஜ் பகுதியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. திருத்தக் கொடுத்த காசில் நல்ல அடப்டர் ஒன்று வாங்கியிருக்கலாம். உங்கள் விடயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கலாம். அடப்டர் முனையை விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருந்தால், டெல், எச்பி லப்டொப்களில் உள்ளது போல, அது அடப்டர் இன்னாரென்று லப்டொப்புக்குச் சொல்கிற ஊசி. அந்தச் சொல் சரியாகப் போய்ச் சேராவிட்டால் லப்டொப் சார்ஜ் ஏற்றாது, வேகத்தையும் இறுக்கிப் பிடிக்கும். 8,500 கொடுத்து, இருந்ததை விட மெதுவான லப்டொப்பை வாங்கியது போலாகிவிடும்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு பின்னேரம் காசில்லாத சோதனை ஒன்று செய்யுங்கள். ஓவர்குளொக்கை எடுத்துவிட்டு அதே கேமை ஒரு மணித்தியாலம் விளையாடுங்கள். பற்றரி 100இலேயே நின்றால், துண்டு விழும் 15 வாட்டும் ஓவர்குளொக்கின் செலவு. புது ரெம்மும் எஸ்எஸ்டியும் சேர்ந்து 10 வாட் அளவுதான் கேட்கும். வேகத்தைக் கூட்ட வோல்ட்டையும் கூட்டும்போதுதான் செலவு ஏறும், ஏனென்றால் சிப்பின் மின்செலவு வோல்ட்டின் வர்க்கத்தோடு கூடுகிறது. கொஞ்ச வேகத்துக்கு நிறையச் சூடு.

அந்த வேகம் உங்களுக்குக் காசு கொண்டு வருகிறதா? 60 நிமிடத்தில் ரெண்டர் ஆகும் வீடியோ 57 நிமிடத்தில் முடிந்தால், மாப்பிள்ளை வீட்டார் அந்த மூன்று நிமிடத்துக்குச் சம்பளம் தரமாட்டார்கள். ஆசைக்குச் செய்கிறேன் என்றால் அதுவும் சரிதான், ஆனால் கொப்பியில் பொழுதுபோக்குச் செலவின் கீழ் எழுதுங்கள். மின் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகக்கூடுதலாக 50 வாட் (230இல் 180 போக), நாளுக்கு 4 மணித்தியாலம் என்றால் மாதம் 6 அலகு. சின்ன எண்தான், ஆனால் வீட்டு மின் கட்டணம் படிப்படியாக ஏறுவது. உங்கள் வீட்டுப் பில் ஒரு படியின் விளிம்பில் இருந்தால் அந்த 6 அலகு அடுத்த படிக்குத் தள்ளிவிடும். அம்மாவிடம் பில்லை வாங்கிப் பாருங்கள்.

சோதனையில் பற்றரி நின்றுவிட்டால் இந்த மாதம் ஒன்றும் வாங்க வேண்டாம். ஓவர்குளொக் இல்லாமல் ஓட்டுங்கள், 31,000 மார்கழிக்கு இருக்கட்டும். ஓவர்குளொக் வேண்டும் என்றாலோ, அது இல்லாமலும் பற்றரி இறங்கினாலோ, சேமிப்பிலிருந்து 24,000 எடுத்துக் கொம்பனி 230ஐ வாங்குங்கள். மிஞ்சும் 7,000த்துடன் அடுத்த இரண்டு கலியாண வேலைக் காசிலிருந்து எடுத்ததைத் திரும்பப் போட்டுவிடுங்கள். வாங்கும் முன் உங்கள் மொடலுக்கே கொம்பனி 230 வாட் அடப்டரும் கொடுத்திருக்கிறதா, முனை அதே முனைதானா என்று கேளுங்கள். கொடுக்கவே இல்லையென்றால் ஓவர்குளொக்கைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பாவித்த 13,000 ரூபா அடப்டர் எனக்குக் கொஞ்சம் ஆசை காட்டுகிறது. கடையில் லப்டொப்பைச் செருகி அரை மணித்தியாலம் கேம் ஓட விடுவார்கள் என்றால், பற்றரியும் இறங்காமல் நின்றால் வாங்கலாம். விடமாட்டார்கள் என்றால் அந்த 11,000 மிச்சத்தை மறந்துவிடுங்கள். கொழும்பு பம்பலப்பிட்டியில் ஓரிரண்டாயிரம் குறைவாகக் கிடைக்கலாம், ஆனால் பழுதானால் பார்சல் போய் வரும் வரை எடிட்டிங் நிற்கும். இங்கேயே வாங்குங்கள்.

பழைய 180ஐ விற்க வேண்டாம். எடிட்டிங்குக்கு அது தாராளம். கலியாணத்துக்கு மறுநாள் புதியது மண்டையைப் போட்டால் அதுதான் கை கொடுக்கும். இரண்டையுமே நில முள் (எர்த்) வேலை செய்கிற மூன்று முள் பிளக்கில் செருகுங்கள். லப்டொப்பின் உலோக உடம்பைத் தொடும்போது கை கூசினால் முதலில் அந்த பிளக்கைப் பாருங்கள். கடையில் பில் எழுதும்போது அடப்டரின் தொடர் இலக்கத்தையும் அதில் எழுதி முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள்.