பிள்ளை தூக்க மாத்திரை விழுங்கினால்: குழந்தைகள் வார்டு சிஸ்டரிடம் கேட்டவை

குடியாத்தம்: சிஸ்டர், ரெண்டு வயசுப் பையன் மதியம் தூங்கினவன் எழவே மாட்டேங்கறான். அசதியா, மாமியாரோட மாத்திரையா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அசதியில் தூங்கும் பிள்ளையை உலுக்கினால் சிணுங்கும், கையைத் தட்டிவிடும். மருந்து ஏறிய பிள்ளை துவண்டு தொங்கும். குறட்டை போலச் சத்தம் வரும், மூச்சு மெதுவாகும். அதற்கு முந்தின கட்டத்தைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: நன்றாக நடந்த பிள்ளை தள்ளாடும், சுவரைப் பிடிக்கும், நாக்குக் குழறும். சிலது தூங்காமல் கத்தி முரண்டு பிடிக்கும். உங்கள் பையனை எழுப்ப முடியவில்லை என்றால் இப்போதே 108 கூப்பிடுங்கள். அல்பிரசோலமோ குளோனசெபமோ, எந்தத் தூக்க மாத்திரையானாலும் அதன் அட்டை கையில் இருக்கட்டும்.

ஆம்பூர்: அரை மாத்திரைதான். காத்திருந்து பார்க்கலாமா?

வேண்டாம். பெரியவருக்குத்தான் அது அரை. அட்டையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

வாணியம்பாடி: உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

கூடவே கூடாது. மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போகும். உப்பு அதிகமானால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரும்.

ஆற்காடு: எங்க காலத்துல உப்பு, புளி கரைச்சுக் கொடுத்துத்தான் பிள்ளைங்கள காப்பாத்தினோம்மா.

பெரியம்மா, கொஞ்சமாக விழுங்கிய பிள்ளை எதுவும் கொடுக்காமலே பிழைத்திருக்கும். பேர் புளிக்குப் போய்விட்டது. புரையேறி நுரையீரல் கெட்டு வரும் பிள்ளைகளை நாங்கள் வார்டில் பார்க்கிறோம்.

ராணிப்பேட்டை: ஆஸ்பத்திரியில மட்டும் வயிறு கழுவுறாங்களே?

எல்லாருக்கும் இல்லை தம்பி. அபூர்வமாக, விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள், மூச்சுக்குழாயைக் காத்துக்கொண்டு செய்வார்கள். மற்றபடி மூச்சைக் கவனித்து ஆக்சிஜன் தருவதுதான் வைத்தியம். இந்த மாத்திரைகளின் வேகத்தை முறிக்கும் புளூமசெனில் என்ற மருந்தும் வலிப்பைக் கிளப்பலாம் என்பதால் எடுத்ததும் போடமாட்டார்கள்.

ஆற்காடு: அப்ப வழியெல்லாம் கையைக் கட்டிக்கிட்டுப் போவச் சொல்றியா?

இல்லை பெரியம்மா. மடியில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாய் தரையைப் பார்க்கும்படி பிடியுங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். தண்ணீர்கூட வேண்டாம்.

காட்பாடி: கால் மாத்திரை?

ஆம்பூருக்குச் சொன்னதைப் படியுங்கள். அளவு கேட்டு யாரும் நேரத்தை விடாதீர்கள். அட்டை, பாட்டில், எது கிடைத்தாலும் எடுத்து வாருங்கள்.

திருப்பத்தூர்: சளி சிரப் ஊத்தினா பாப்பா நல்லாத் தூங்குது. தினமும் தரலாமா?

தூங்க வைக்க மருந்து தராதீர்கள். குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் என்ற இரண்டு சளி மருந்துகளும் சேர்ந்த சிரப் 4 வயதுக்குக் கீழ் கூடாது என்று 2023இல் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டாளரே சொல்லிவிட்டார். குளோர்பெனிரமின் மிஞ்சினால் முகம் சிவந்து, வாய் உலர்ந்து, கண்பாவை விரிந்து, நெஞ்சு படபடக்கும்.

வேலூர்: எனக்கே தூக்கம் வரல, என்ன மாத்திரை போடலாம்?

அதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள் அண்ணா. எது கொடுத்தாலும் தலையணைக்கடியில் வைக்காமல் பூட்டி வையுங்கள்.