ஒரு லிட்டர் தண்ணீரா, ஒரு லிட்டர் கரைசலா?

கேள்வி: 5.85 கிராம் சோடியம் குளோரைடு 500 மில்லி கரைசலில் இருந்தால் மோலாரிட்டி என்ன என்று டெஸ்டில் கேட்டார்கள். 0.0002 என்று எழுதினேன், மார்க் இல்லை. அப்புறம் லேபில் அதே உப்பை 500 மில்லி தண்ணீரை அளந்து அதில் போட்டேன், அதுவும் தப்பு என்றார் மிஸ். எங்கே தவறுகிறேன்?
- பிளஸ் ஒன் மாணவி, விருதுநகர்

பதில்: முதல் தப்பு சின்னதுதான், பாதி மார்க்காவது கொடுத்திருக்கலாம். மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு, ஒரு மோல் உப்பின் எடைதான் அதன் மோலார் நிறை, 58.5 கிராம். 5.85-ஐ அதால் வகுத்தால் 0.1 மோல். அதுவரை சரி, அடுத்து 500-ஆல் வகுத்துவிட்டாய். மோலாரிட்டி என்பது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்ற கணக்கு, அதனால் 0.5-ஆல் வகுக்க வேண்டும், விடை 0.2. அரை லிட்டரில் 0.1 மோல் இருந்தால் முழு லிட்டரில் எவ்வளவு இருக்கும் என்று மனதுக்குள் ஒரு தடவை கேட்டுப் பார்த்திருந்தால் 0.0002 என்று எழுதக் கை வந்திருக்காது.

லேபில் நடந்ததுதான் பெரிய விஷயம். உன் மிஸ் சொன்னது சரி. மோலாரிட்டியில் வரும் லிட்டர் தண்ணீரின் லிட்டர் இல்லை, உப்பும் தண்ணீரும் சேர்ந்த கரைசலின் லிட்டர். 5.85 கிராமுக்கு வித்தியாசம் தெரியாது, இரண்டு மில்லிகூட ஏறாது, அதனால்தான் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் 5 மோல், அதாவது 292.5 கிராம் உப்பை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பார், மொத்தம் சுமார் 1.1 லிட்டர் ஆகிவிடும், நீ 5 மோலார் என்று லேபிள் ஒட்டிய பாட்டிலில் 4.5 மோலார்தான் இருக்கும். அதனால் முதலில் உப்பை பீக்கரில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக்கொள், கழுத்தில் அளவுக்கோடு போட்ட ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க்கில் ஊற்று, பீக்கரை இரண்டு மூன்று முறை அலசி அந்தத் தண்ணீரையும் அதிலேயே சேர், கடைசியில் கழுத்துக் கோடு வரை நிரப்பு. கோட்டைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், குனிந்தோ நிமிர்ந்தோ பார்த்தால் ஏமாற்றும்.

நீ செய்த முறைக்கும் ஒரு பெயர் உண்டு, கரைப்பானை, இங்கே தண்ணீரை, எடை போட்டுச் செய்தால் அது மோலாலிட்டி, ஒரு கிலோ தண்ணீருக்கு எத்தனை மோல் என்ற கணக்கு. சூடானால் கரைசலின் கன அளவு மாறும், எடை மாறாது, அதனால் கொதிநிலை உயர்வு, உறைநிலைத் தாழ்வுக் கணக்குகளில் இதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஏற்றிய ட்ரிப்ஸ் பாட்டிலில் சோடியம் குளோரைடு 0.9% என்றும், கீழே சோடியம் 154, குளோரைடு 154 என்றும் போட்டிருந்தது. எதை நம்புவது?
- வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டும் ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. இந்த 0.9% என்பது 100 மில்லியில் 0.9 கிராம், லிட்டருக்கு 9 கிராம். அதை 58.5-ஆல் வகுங்கள், 0.154 மோல், அதாவது 154 மில்லிமோல். உப்பு கரைந்ததும் சோடியம் தனி அயனி, குளோரைடு தனி அயனி, ஒன்றுக்கு ஒன்று, அதனால்தான் இரண்டுக்கும் அதே எண். இரண்டையும் கூட்டினால் வரும் 308 ரத்தத்தில் கரைந்திருக்கும் துகள்களின் செறிவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, சிவப்பணுக்கள் ஊதவும் இல்லை, சுருங்கவும் இல்லை. வெறும் தண்ணீரை நரம்பில் ஏற்றினால் அவை வெடித்துவிடும்.

சதவீதம் என்று பார்த்தால் மட்டும் எதில் எது என்று கேளுங்கள். 10 கிராம் உப்பை 90 கிராம் தண்ணீரில் கரைத்தால்தான் எடைக்கு எடை 10%, 100 கிராம் தண்ணீரில் கரைத்தால் 9.09% ஆகிவிடும்.

வீட்டில் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை அப்படியே 200 மில்லி டம்ளரில் கலக்கிக் கொடுக்கிறார்கள், அது ஐந்து மடங்கு செறிவு, வயிற்றுப்போக்கில் வாடிக் கிடக்கும் குழந்தைக்கு அது ஆபத்து. 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கடையில் கிடைக்கிறது. எந்தப் பாக்கெட்டானாலும் எத்தனை மில்லி தண்ணீர் என்று மேலே அச்சிட்டிருக்கும், அதைப் படித்துவிட்டு முழு அளவு தண்ணீரிலேயே கலக்குங்கள்.