எத்தனாம் நம்பர் கூண்டு?

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். மகளுக்கு ஏழு வயது. திங்கள், புதன், சனி வந்தால் காலையிலேயே வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துவிடுகிறாள். டாக்டர், வயிற்றில் ஒன்றுமில்லை என்கிறார். மாமியார், பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் இலங்கைக் கடற்படையிடம் படகோடு பிடிபட்ட ராத்திரி நாங்கள் போனில் பேசியதைக் கேட்டிருப்பாளோ என்று சந்தேகம். கேட்டால் வாயே திறப்பதில்லை. அப்பா ராமநாதபுரத்துக்கு வேலையாகப் போயிருக்கிறார் என்று சொல்லி வைக்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள தங்கைக்கு,

அந்தப் பொய் வேண்டாம். படகு போகிற நாள் எது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, அன்றும் வலிக்கிறதே! இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் அப்பா கரையில் இருந்தார். அப்போது வலித்ததா? வலித்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வலி நடிப்பில்லை. பயந்தால் வயிறு நிஜமாகவே பிசையும், பெரியவர்களுக்கும்தான்.

நான் பாம்பன்காரன். சின்ன வயதில் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் அன்று ராத்திரி பாயை நனைத்துவிடுவேன். அம்மா விளக்குமாற்றை எடுப்பார். ஏன் பயம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது.

அந்தக் கூண்டையே இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளுக்கு அது தெரிந்த கணக்கு. ஒன்றாம் நம்பர் என்றால் எங்கோ தூரத்தில் புயல் உருவாகலாம். மூன்று என்றால் இங்கேயே காற்றும் மழையும் வரலாம். பத்து என்றால் பெரிய அபாயம். ராத்திரி பூண்டு உரிக்கும்போதோ தலை பின்னும்போதோ கேளுங்கள்: "இன்னைக்கு உன் வயித்துல எத்தனாம் நம்பர் கூண்டு?" எதிரே உட்காரவைத்து விசாரித்தால் சொல்ல மாட்டாள். கை ஒரு வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். முதலில் உங்கள் நம்பரைச் சொல்லுங்கள். பதினொன்று என்றும் ஒரு கூண்டு உண்டு. வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துபோனால் ஏற்றுவது. அவள் பேசாமலே இருந்தால், "பதினொன்னா? சரி, இரு" என்று விட்டுவிடுங்கள்.

நம்பர் வந்ததும் "ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் அடித்துச் சொல்லாதீர்கள். அது நம் கையில் இல்லை, பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததைச் சொல்லுங்கள்: அப்பா எப்போது திரும்புவார், கூட யார் யார் போயிருக்கிறார்கள், நேரமானால் அம்மா யாரிடம் விசாரிப்பாள். அவ்வளவு போதும். போன் பேச்சை மட்டும் வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

சில வாரம் பார்த்தும் வலி குறையவில்லை, சாப்பாடும் தூக்கமும் கெடுகிறது என்றால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். மனநலம் கெட்டவர்களைக் கூட்டிப் போகிற தர்கா ஊரைச் சொல்லி, "ஏர்வாடிக்கா கூட்டிப் போறே?" என்று நம் பக்கத்தில் உடனே ஒரு குரல் வரும். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 14416, டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவிக்கான இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், மாமியாரோடு சண்டை வேண்டாம். மகனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு அவர் எத்தனை ராத்திரி தூங்கியிருப்பார்? பேத்தியிடம் கேட்கும்போது அவரிடமும் ஒரு நம்பர் கேட்டுப் பாருங்கள்.