18 லட்சம் சம்பளம், 1.5 கோடி வருமானம்: புதிய வரி முறையில் யாருக்கு எவ்வளவு மிச்சம்?

கேள்வி: எனக்கு ஆண்டுச் சம்பளம் 18 லட்சம் ரூபாய். சொந்த வீட்டில் இருக்கிறோம்; வீட்டுக் கடன் வட்டி ஆண்டுக்கு 2 லட்சம் போகிறது. பி.எஃப்., எல்.ஐ.சி. சேர்த்து 80சி-யின் (சேமிப்புக்கான வரிக் கழிவு) 1.5 லட்சம் நிரம்பிவிடும். மெடிக்ளெய்ம் பிரீமியம் 25,000. மனைவிக்குச் சம்பளம் 9 லட்சம். 2025-26-ல் பழைய ஈக்விட்டி ஃபண்டை (பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) விற்றதில் அவருக்கு 2.25 லட்சம் லாபம். 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் அவரைப் பற்றிக் கவலை இல்லை. நான் இத்தனை வருடமாகப் பழைய முறையில்தான் இருக்கிறேன். மாறலாமா? என் அண்ணனுக்குத் தொழிலில் 1.5 கோடி வருமானம். "சீர்திருத்தம் எல்லாம் உங்களை மாதிரி ஆட்களுக்குத்தான், எனக்கு ஒன்றுமில்லை" என்கிறார். அது சரியா?

பதில்: மாறிவிடுங்கள். வீட்டுக் கடன் இருப்பவர்கள் பழைய முறையை விடத் தயங்குவது எனக்குத் தெரியும். கடன் வட்டிக்குக் கழிவு கிடைக்கும்போது ஏதோ ஜெயித்த மாதிரி ஒரு நினைப்பு. கணக்குப் போட்டால் நிலைமை வேறு.

பழைய முறையில் உங்கள் 18 லட்சத்தில் நிலையான கழிவு 50,000, 80சி 1.5 லட்சம், வட்டி 2 லட்சம், மெடிக்ளெய்ம் 25,000 போக 13.75 லட்சம் நிற்கும். அதற்கு வரி 2,25,000; வரியின் மேல் போடும் 4% செஸ் சேர்த்தால் 2,34,000. புதிய முறையில் 75,000 நிலையான கழிவைத் தவிர, நீங்கள் சொன்ன வேறு எதையும் கழிக்க முடியாது. 17.25 லட்சத்துக்கும் வரி உண்டு. ஆனாலும் செஸ்ஸோடு 1,50,800-தான். 83,200 ரூபாய் மிச்சம்.

காரணம் ஸ்லாப், அதாவது வருமானம் ஏற ஏற வரி விகிதம் ஏறும் படிகள். பழைய முறையில் 10 லட்சத்தைத் தாண்டிய உடனேயே 30%. 2025 பட்ஜெட்டில் புதிய முறைக்கு வந்த ஸ்லாபில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அப்புறம் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல்தான் 30%. உங்களுக்குப் பழைய முறை கட்டுப்படியாக வேண்டுமென்றால், நிலையான கழிவு போக சுமார் 6.4 லட்சம் கழிவு காட்ட வேண்டும். உங்களிடம் இருப்பது 3.75 லட்சம். பெரிய நகரத்தில் பெரிய வாடகை கொடுத்து எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப்படி) காட்டுகிறவர்களுக்கு அது எட்டலாம். சொந்த வீட்டில் குடியிருக்கும் உங்களுக்கு எட்டாது.

புதிய முறையிலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. உங்கள் நிறுவனம் உங்கள் பெயரில் என்.பி.எஸ்.ஸில் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) போடும் தொகைக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 14% வரை கழிவு உண்டு. அடிப்படை மாதம் 75,000 என்றால் ஆண்டுக்கு 1.26 லட்சம், வரியில் சுமார் 26,000 குறையும். ஆனால் அந்தப் பணத்தின் பெரும்பகுதி நெடுங்காலம் முடங்கிக் கிடக்கும். பிள்ளைகளின் கல்லூரிச் செலவு பக்கத்தில் வந்துவிட்டது என்றால் இதைத் தொடாதீர்கள்.

இப்போது உங்கள் மனைவி விஷயம். கவலை இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் கொஞ்சம் கவலைப்பட வேண்டும். 12 லட்சம் வரை வரி இல்லை என்பது விலக்கு அல்ல, தள்ளுபடி. ஸ்லாப்படி வரும் வரியை மட்டும்தான் அது துடைக்கும். அவருடைய சம்பள வரி முழுதும் தள்ளுபடியில் போய்விடும், சரி. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற ஈக்விட்டி ஃபண்டின் லாபத்துக்குத் தனி விகிதம். 1.25 லட்சம் போக மீதி 1 லட்சத்துக்கு 12.5%, செஸ்ஸோடு 13,000 கட்டியே ஆக வேண்டும். மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தாலும் இது தப்பாது. நோட்டீஸ் வந்த பிறகு ஆடிட்டரிடம் ஓடுகிறவர்களில் பலர் இந்த இடத்தில் தடுக்கியவர்கள்தான்.

நடுத்தர வர்க்கம் முழுக்கச் சமமாகப் பயன்பெற்றது என்றும் நினைக்க வேண்டாம். புதிய முறைக்குள்ளேயே 2024-25-ஐயும் 2025-26-ஐயும் ஒப்பிட்டால், 12.75 லட்சம் (நிலையான கழிவு போக 12 லட்சம்) சம்பளக்காரருக்கு மிச்சம் 83,200. அவரைவிட ஒரு லட்சம் கூடுதலாக வாங்குகிற பக்கத்து மேஜைக்காரருக்கு வெறும் 26,000. இன்னும் வேடிக்கை, 12.75 லட்சத்தில் இருப்பவருக்கு 10,000 ரூபாய் இன்கிரிமென்ட் கிடைத்தால் வரி 10,400. கைக்காசு 400 போகும்! 12 லட்சத்தைத் தாண்டிய தொகையைவிட செஸ்ஸுக்கு முந்தைய வரி அதிகமாகாதபடி, விளிம்பு நிவாரணம் என்ற பெயரில் வரியைக் கட்டுப்படுத்தியும் கதை இதுதான். சம்பளம் சுமார் 13.45 லட்சத்தைத் தாண்டிய பிறகுதான் ஏறும் சம்பளம் கையில் தங்கத் தொடங்கும். இதற்காக இன்கிரிமென்ட்டை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், அடுத்த ஆண்டுச் சம்பளம் அதன் மேல்தானே ஏறும்.

அண்ணனுக்கு வருவோம். அவர் ஏற்கெனவே புதிய முறையில் இருந்திருந்தால் இந்த ஸ்லாப் மாற்றத்தில் அவருக்கும் மிச்சம் உண்டு. 24 லட்சத்துக்கு மேல் யாராக இருந்தாலும் அடிப்படை வரியில் 1.1 லட்சம் குறையும். அவருக்கு 15% சர்சார்ஜும் (பெரிய வருமானத்துக்கு வரியின் மேல் போடும் கூடுதல் வரி) செஸ்ஸும் சேர்ந்து 1,31,560. ஆக, ரூபாயில் பார்த்தால் 12.75 லட்சக்காரரைவிட அவருக்குத்தான் அதிகம். ஆனால் 1.5 கோடியில் அது ஒரு சதவீதம்கூட இல்லை; மொத்தம் 48 லட்சத்துக்கு மேல் வரி கட்டுகிறவருக்கு அது கண்ணில் படவே இல்லை என்றால் ஆச்சரியமில்லை.

பெரும் பணக்காரர்களுக்கான சலுகை 2023 பட்ஜெட்டிலேயே வந்துவிட்டது. 5 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 37% ஆக இருந்த சர்சார்ஜ், புதிய முறையில் 25% ஆனது. உச்ச வரி 42.74%-லிருந்து 39%-க்கு இறங்கியது. உங்கள் அண்ணன் அந்த உயரத்துக்கு இன்னும் போகவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், பணக்கார வீடுகளில் வருமானம் சம்பளமாக வருவது குறைவு. பங்காகவும் ஃபண்டாகவும் வளர்ந்துகொண்டே இருக்கும், விற்கும்போதுதான் வரி. பட்டியலிட்ட பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால் சர்சார்ஜ் 15%-க்கு மேல் ஏறாது. எல்லாம் சேர்த்தும் 15%-க்குள் முடியும். 25 லட்சம் சம்பாதிக்கும் சம்பளக்காரர் தன் கடைசி ரூபாய்க்கு 31.2% கட்டுகிறார். என்னைக் கேட்டால் உண்மையான ஏற்றத்தாழ்வு இங்கேதான். ஸ்லாபை மட்டும் பார்த்துச் சண்டை போடுவது வீண்.

புதிய வருமான வரிச் சட்டம் பற்றியும் குழப்பம் இருக்கலாம். 1961 சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் வரும் 2025-ம் ஆண்டுச் சட்டம் பிரிவுகளைச் சுருக்கி, மொழியை எளிமையாக்குகிறது. மதிப்பீட்டு ஆண்டு (சம்பாதித்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு) என்ற தலைவலி போய் 'வரி ஆண்டு' வருகிறது. ஸ்லாபை மாற்றுவது அதன் வேலை இல்லை.

செய்ய வேண்டியது சுலபம். புதிய முறைதான் இயல்பானது என்பதால், பழைய முறை வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லாமல் இருந்தாலே போதும். ஏற்கெனவே சொல்லியிருந்தாலும், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம். கூடுதலாகப் பிடித்தது ரீஃபண்டாக வரும். சம்பளக்காரர்கள் ஆண்டுதோறும் தேர்வு செய்யலாம். மெடிக்ளெய்மை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், கழிவுக்காக எடுத்தது அல்ல அது. அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள்: தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போய்விட்டால், புதிய முறைக்குத் திரும்ப ஒரே ஒரு வாய்ப்புதான். திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழைய முறை கிடையாது. ஏதாவது ஓர் ஆண்டில் பழைய முறைக்குப் போகச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், கையெழுத்துப் போடுமுன் அடுத்த சில ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கணக்குக் கேட்கட்டும்.