சைவப் பிள்ளை கிறிஸ்தவக் கட்டுரைப் போட்டிக்கு எழுதலாமா?

விசுவமடுவில் இருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் இரண்டாம் வருடம். வெளிநாட்டுக் கிறிஸ்தவ அமைப்பொன்று குடிவரவுச் சட்டமும் அறமும் பற்றி நடத்தும் ஆங்கிலக் கட்டுரைப் போட்டிக்கு எழுத நிற்கிறாள். மதம் மாற்றுகிற வேலையோ, படிப்புக் கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். எழுதட்டும் அம்மா. பரீட்சைக் காலத்தோடு முட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மதம் பற்றிய பயத்துக்கு விதிமுறையே பதில் சொல்லும். எழுதுபவர் இன்ன சமயத்தவராக இருக்க வேண்டும் என்று போட்டிருந்தால் விட்டுவிடலாம். அப்படி இல்லையென்றால், சமயம் சொல்லும் அறத்தையும் சட்டத்தையும் சேர்த்து யோசிக்கத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இல்லாத விசுவாசத்தை இருப்பதாகக் காட்டி எழுத வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

அவள் தன் சமயத்திலிருந்தே தொடங்கலாம். இளையான்குடி மாற நாயனார் கதை உங்களுக்குத் தெரியும். அடைமழை, இராநேரம், வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. பகலில் விதைத்த நெல்லை வயலில் இருந்து வாரிவந்து, கூரை வரிச்சையே விறகாக்கி, வந்தவருக்குச் சோறு போட்டார்கள். தனக்கே இல்லாதவன் வந்தவனுக்கு எவ்வளவு கொடுக்கக் கடமைப்பட்டவன் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. குடிவரவு அறத்தில் இதைவிடக் கடினமான கேள்வி குறைவு. இன்னும் ஒரு படி போகலாம். நாயனார் சோறு போட்டது சிவனடியாருக்கு. வந்தவர் வேற்றுச் சமயத்தவர் என்றால்? பைபிளில் லேவியராகமம் 19ஆம் அதிகாரம், நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்கள், ஆகவே அந்நியனையும் நேசியுங்கள் என்கிறது. இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று நேர்மையாக எழுதினால், அதைச் சைவப் பிள்ளை எழுதியதே அந்தக் கட்டுரையின் பலம்.

ஆனால் அறத்தோடு நின்றுவிடக் கூடாது, சட்டமும் வேண்டும். 2024 டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியா மக்களோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்ததே, ஊர்ச்சனம் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தது. பிறகு அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் கொண்டுவந்து வைத்தார்கள். இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம் என்ற சர்வதேச உடன்படிக்கையில் சேரவில்லை. அதனால், ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற அதன் 33ஆம் உறுப்புரை இங்கே நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் 1994இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தின் 3ஆம் உறுப்புரை, சித்திரவதை காத்திருக்கும் நாட்டுக்கு ஒருவரை அனுப்பக் கூடாது என்கிறது. அது எவ்வளவு தூரம் போதும்? ஒரு சட்ட மாணவி வாதிட வேண்டிய இடம் இது.

வேறொரு வழியும் உண்டு. அகதி என்று ஏற்க அந்த 1951 சமவாயம் சொல்லும் காரணங்கள் ஐந்து: இனம், சமயம், தேசிய இனம், குறித்த சமூகக் குழு, அரசியல் கருத்து. கடன் அதில் இல்லை. நுண்கடன் கட்ட வழியில்லாமல் ஏஜென்சிக்காரனை நம்பிக் கடலில் இறங்குகிற பொடியனை என்ன செய்வது? இரண்டு வழியில் ஒன்றை மட்டும் எடுக்கட்டும். இரண்டையும் தொட்டால் இரண்டுமே மேலோட்டமாகப் போய்விடும்.

2009இல் நீங்கள் பட்டதை எழுதினால் பரிசு நிச்சயம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதேங்கோ. வாதத்துக்குத் தேவையென்றால், அவளுக்கும் உங்களுக்கும் சம்மதமென்றால், ஒரு பந்தி எழுதலாம். இரக்கம் வாங்குவதற்காக எழுத வேண்டாம். வெளிநாட்டில் விசா, அகதி வழக்கு நடக்கிற சொந்தக்காரர் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். வென்ற கட்டுரைகளை இணையத்தில் போடுவார்கள், சின்ன விபரம்கூட அவர்களின் வழக்கைக் குழப்பக்கூடும்.

சில நடைமுறை விடயங்களும் இருக்கின்றன. எழுதியவர் பெயர் தெரியாமல் திருத்துகிற போட்டி என்றால், வேர்ட் கோப்பின் பண்புகளில் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், கொம்யூனிகேஷன் கடையில் டைப் பண்ணினால் கடைக்காரர் பெயராகக்கூட இருக்கும். அதை அழிக்க வேண்டும். சொல் எண்ணிக்கையில் அடிக்குறிப்பும் சேருமா, ஏஐ உதவி பற்றி என்ன விதி என்று பார்க்க வேண்டும். முடிவு நேரம் அந்த நாட்டு நேரம், நம் நேரமல்ல. கரண்ட் போகும், ஆகவே முதல் நாளே அனுப்பிவிடட்டும். எழுத முன்னமே வங்கி விபரமும் அடையாள அட்டைப் பிரதியும் கேட்டால் அந்தப் போட்டி வேண்டாம்.

வென்றால் விசா கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் பரிசு கிடைக்காவிட்டாலும், விரிவுரையாளர் ஒருவரிடம் கொடுத்துத் திருத்திய ஒரு நல்ல ஆங்கிலக் கட்டுரை கையில் மிஞ்சும். பின்னால் புலமைப்பரிசிலுக்கோ வேலைக்கோ எழுத்து மாதிரி கேட்டால் அதைக் கொடுக்கலாம். போட்டி அறிவித்தலை எனக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள், வயது, தகுதி நிபந்தனைகளை நானும் ஒருதரம் வாசித்துப் பார்க்கிறேன்.